பழைய கம்ப்யூட்டர் ரெப்ளிகா கிட்: சால்டர் அயர்னை சூடு பண்றதுக்கு முன்னாடி எல்லாரும் கேக்குற கேள்விங்க

இதுவரைக்கும் ஏழெட்டு கிட் முடிச்சிருக்கேன், ரெண்டு பாதில கெடக்கு, ஒரு கிட்ல சிப்பையே சாகடிச்சிருக்கேன் (அந்த கதை கீழ வருது). மேசைல லைட்டு மின்னுற பெட்டிய பாத்துட்டு வர்றவங்க கேக்குற கேள்வி எல்லாம் அச்சு மாறாம ஒரே மாதிரி இருக்குறதால எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதிட்டேன்.

ரெப்ளிகா கிட்னா என்ன? எமுலேட்டர் (பழைய மெஷின் மாதிரியே நடிக்கிற சாஃப்ட்வேர்) சும்மாவே கெடைக்கும்போது இது எதுக்கு?

1975, 76ல வந்த வீட்டு கம்ப்யூட்டருங்க நெறைய கிட்டாவே தான் வந்துச்சு. ஆல்டேர் 8800 அப்படித்தான், 1975 ஜனவரி பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ் பத்திரிகை அட்டைப்படத்துல வந்த பெட்டி, வாங்கினவங்க உக்காந்து சால்டர் கம்பிய உருக்கி பார்ட்ஸ போர்டுல பத்த வெச்சு (அதாவது ஒட்டி) முடிக்கணும், முடிச்சாலும் உள்ள 256 பைட் மெமரி தான், ஸ்கிரீன் கெடையாது கீபோர்டு கெடையாது, முன்னாடி சுவிட்சும் லைட்டும் மட்டும். அந்த மாதிரி மெஷினை இப்போ கெடைக்கிற பார்ட்ஸ வெச்சு திரும்ப செய்யறதுக்கு போர்டு, பார்ட்ஸ், மேனுவல் எல்லாம் சேத்து குடுக்குறது தான் ரெப்ளிகா கிட். ஒரிஜினல் எல்லாம் கைக்கு எட்டாது, ஆப்பிள் 1 மொத்தமே ஒரு 200 போல தான் செஞ்சாங்க, மிஞ்சினது மியூசியத்துலயும் ஏலத்துலயும் இருக்கு.

எமுலேட்டர் நல்லது தான், நானும் யூஸ் பண்றேன். ஆனா அதுல எல்லாமே ஏற்கனவே வேலை செய்யுது, அது தான் அதுல இருக்குற கொறை. கிட்ல எதுவுமே வேலை செய்யாது, நீங்க செய்ய வைக்கணும், ரீசெட் லைன் (மெஷினை முதல்ல இருந்து ஓட வைக்கிற சிக்னல்) என்ன, கிளாக் (எல்லா சிப்புக்கும் தாளம் போடுற துடிப்பு) என்னனு அப்போ தான் மண்டைல ஏறும்.

எத்தனை வகை இருக்கு?

ஆளுக்கு ஒரு மாதிரி பிரிப்பாங்க, நான் மூணா பிரிப்பேன். முதல் வகைல வெளித்தோற்றம் மட்டும் பழசு, உள்ள புது கம்ப்யூட்டர். பிஐடிபி-8னு ஒண்ணு இருக்கு, 1968ல வந்த பிடிபி-8/ஐ மெஷினோட முன்பக்க பேனலை சின்னதா செஞ்சு பின்னாடி ராஸ்பெரி பைனு சின்ன கம்ப்யூட்டர் ஒண்ண மாட்டி அதுல சிம்ஹெச்னு எமுலேட்டர் ஓடும், அதோட அண்ணன் பிஐடிபி-11, அது பிடிபி-11/70 பேனல். ஆல்டேர்-டுவினோவும் இதே கதை தான், உள்ள ஆர்டுவினோ டியூனு ஒரு சின்ன புது போர்டு.

ரெண்டாவது வகைல பிராசசர் நெஜம், சுத்தி இருக்குறது கெடைச்ச பார்ட்டு. 1976ல மாஸ் டெக்னாலஜி விட்ட கிம்-1 போர்டோட ரெப்ளிகா பால்-1 இதுல வரும். கிம்-1ல 6530னு ரெண்டு சிப்பு, அதுக்குள்ளயே ரோம் (படிக்க மட்டும் முடியுற மெமரி) ஃபேக்டரில அச்சடிச்சு வந்துடும், அந்த சிப்ப இப்போ தேடி கண்டுபிடிக்கிறது கஷ்டம்ங்கறதால பால்-1ல 6532ம் தனி ரோம் சிப்பும் போட்டு சமாளிச்சிருக்காங்க. ஆர்சி2014 எந்த மெஷினோட காப்பியும் இல்ல, ஆனா இசட்80 பிராசசர் வெச்சு அந்த காலத்து பாணில கார்டு கார்டா மாட்டுற கிட்டு, அதையும் இந்த வகைலயே சேத்துக்குவேன்.

மூணாவது வகை வெறி புடிச்சவங்களுக்கு. அதே போர்டு, அதே சிப்பு, அதே தேதி போட்ட கெப்பாசிட்டர் வரைக்கும் தேடுவாங்க. ஆப்பிள் 1 ரெப்ளிகால மிமியோ 1 இந்த ரகம். ஆப்பிள் 1ல ஸ்கிரீன்ல இருக்குற எழுத்தை ஞாபகம் வெச்சுக்க ராம் கெடையாது, ஷிப்ட் ரெஜிஸ்டர்ல எழுத்துங்க வரிசையா சுத்திகிட்டே இருக்கும். அந்த 2504 சிப்பு தேடியே பல பேரு வருஷத்த ஓட்டிட்டாங்க, போர்டு வாங்குறது சுலபம், நிரப்புறது தான் கஷ்டம்.

முதல் தடவைக்கு எது?

ரெண்டாவது வகைல சின்னதா ஒண்ணு. மூணாவது வகைல ஆரம்பிக்காதீங்க ப்ளீஸ், ஆழம் தெரியாம கால விடற கதை. முதல் வகை சால்டரிங் பழக ரொம்ப நல்லது ஏன்னா எல்இடியும் டயோடும் ரெசிஸ்டரும் தான் ஜாஸ்தி, தப்பு பண்ணாலும் ஒரு லைட்டு தான் எரியாது. ஆனா எல்இடிய நேரா நிக்க வைக்கிறது தனி கலை, பேனலுக்கு பின்னாடி எண்பது சொச்சம் எல்இடி ஒரே உயரத்துல நிக்கணும், ஒண்ணு சாஞ்சா நீங்க சாகுற வரைக்கும் கண்ணு அங்கயே போகும். ஒரு கால மட்டும் முதல்ல பத்த வெச்சு, உயரம் பாத்து, அப்புறம் ரெண்டாவது கால்.

எனக்கு சால்டரிங் சுத்தமா தெரியாதே?

பரவால்ல. இந்த காலத்து போன் போர்டு மாதிரி பொடி பார்ட்ஸ் எதுவும் இருக்காது. ஐசி (அதாவது சிப்பு) காலுங்களுக்கு நடுவுல 2.54 மில்லிமீட்டர் இடைவெளி, ஓட்டைல காலை விட்டு பின்பக்கம் பத்த வைக்கணும், அவ்ளோ தான். சில நூறு தடவை செய்யணும், முதல் ஐம்பது அசிங்கமா வரும், நூறாவதுல கை தானா போகும். பழைய உதவாத போர்டு ஒண்ணு எடுத்து ஒரு சாயங்காலம் பழகிட்டு கிட்ட தொடுங்க.

சாமான்ல மிச்சம் பிடிக்கக்கூடாதது அயர்ன் மட்டும் தான், டெம்பரேச்சர் செட் பண்ற மாதிரி வாங்குங்க. டிப்பு ஊசி மாதிரி வேணாம், எல்லாரும் ஊசி முனை தான் நுணுக்கமா வரும்னு நெனைக்கிறாங்க, ஆனா ஊசி முனைல சூடு இறங்காது, உளி மாதிரி தட்டையா 2 மில்லிமீட்டர் கிட்ட இருந்தா நல்லது. நடுவுல ரோசின் ஃப்ளக்ஸ் (சால்டர் நல்லா ஒட்ட உதவுற பொருள்) இருக்குற சால்டர் கம்பி 0.7, 0.8 மில்லிமீட்டர். பைப்பு வேலைக்கு யூஸ் பண்ற ஆசிட் ஃப்ளக்ஸ் பக்கமே போகாதீங்க, அது போர்டை மெல்ல அரிச்சிடும். அப்புறம் பீப் அடிக்கிற மல்டிமீட்டர், கட்டர், சால்டர் உறிஞ்சுற பம்ப்பு, ஒரு பூதக்கண்ணாடி.

ஒரு ஜாயிண்ட் எப்படி வைக்கணும், சரியா சொல்லுங்க.

63/37 ஈயம் கலந்த சால்டர் 183 டிகிரி செல்சியஸ்ல உருகும், ஆனா அயர்னை 320, 340 கிட்ட வைப்போம், ஏன்னா தொட்ட உடனே பேடும் (போர்டுல ஓட்டைய சுத்தி இருக்குற செம்பு வளையம்) காலும் சூட்டை இழுத்துக்கும். டிப்பை சுத்தம் பண்ணி, பேடு மேலயும் கால் மேலயும் ஒரே நேரத்துல படுற மாதிரி வைங்க. ஒரு செகண்ட் பொறுங்க. இப்போ கம்பிய டிப்பு மேல வைக்காம எதிர்பக்கத்துல, கால்ல வைங்க, அது தானா உருகி சர்ருனு ஓடி பேடு முழுக்க பரவும், அந்த நொடி தான் முக்கியம், ஒரு தடவை கண்ணால பாத்துட்டா மறக்காது. முதல்ல கம்பிய எடுங்க, அப்புறம் அயர்னை. மொத்தம் ரெண்டு மூணு செகண்ட். ஆறுற வரைக்கும் ஆட்டாதீங்க.

நல்ல ஜாயிண்ட் கோயில் கோபுரம் மாதிரி அடில அகலமா மேல போகப்போக ஒடுங்கி சரிவா இருக்கும். உருண்டையா முத்து மாதிரி உக்காந்திருந்தா பேடுல ஒட்டலைனு அர்த்தம், பாக்க அழகா இருக்கும், கரண்ட் போகாது. கிரவுண்ட் (0 வோல்ட்) கால் மட்டும் அடம் பிடிக்கும், பெரிய செம்பு தகடோட சேந்திருக்கும் அதான், அதுக்கு இன்னும் ரெண்டு செகண்ட் குடுங்க.

ஈயம் ஒடம்புக்கு ஆகாதே? புகை வருதே?

அந்த புகை ஈயம் இல்ல, ஃப்ளக்ஸ். ஈயம் கொதிக்க 1749 டிகிரி வேணும், நம்ம அயர்ன் கிட்டயே போகாது. ஆனா ஃப்ளக்ஸ் புகையும் சும்மா இல்ல, தினமும் மூச்சுல இழுத்தா ஆஸ்துமா வர்ற வாய்ப்பு இருக்கு, அதனால சின்ன ஃபேன் வெச்சு மூஞ்சிய விட்டு தள்ளி விடுங்க, ஜன்னலை தெறந்து வைங்க. ஈயம் வர்றது கை வழியா தான், வேலை முடிச்சதும் சோப்பு போட்டு கழுவிட்டு சாப்பிடுங்க, சின்ன பசங்க நடமாடுற எடத்துல வெட்டின கால் துண்டுங்களை விட்டு வைக்காதீங்க. ஈயம் இல்லாத சால்டரும் இருக்கு, 217 டிகிரிக்கு மேல தான் உருகும், நல்ல ஜாயிண்டே மங்கலா தெரியும்ங்கறதால புதுசா பழகுறவங்களுக்கு எது நல்லது எது கெட்டதுனு பிரிக்க கஷ்டம்.

எந்த வரிசைல மாட்டணும்?

குட்டை முதல்ல, நெட்டை கடைசில. ரெசிஸ்டர், டயோடு, சாக்கெட், சின்ன கெப்பாசிட்டர், பெரிய கெப்பாசிட்டர், கனெக்டர், சுவிட்ச். அவ்ளோ தான்.

எதையெல்லாம் திருப்பி போட்டா வம்பு?

நம்ம பொழப்பே இங்க தான் இருக்கு. சால்டரிங் சரியா வரலைனு கவலைப்படுறவங்க நெறைய, ஆனா கிட்டு கெடுறது பெரும்பாலும் திசை தப்பா போட்டதால தான்.

எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்ல ஒடம்புல கோடு போட்ட பக்கம் மைனஸ். டான்டலம் கெப்பாசிட்டர்ல குறி போட்ட பக்கம் பிளஸ். ஆமா, நேர் எதிர், எந்த மகராசன் முடிவு பண்ணானோ. டான்டலத்தை திருப்பி போட்டு கரண்ட் குடுத்தா பட்டுனு வெடிச்சு நெருப்பே வரும், நான் ஒண்ணு வெடிச்சிருக்கேன், ரூம்ல ரெண்டு நாள் நாத்தம் போகல. 104னு எழுதின சின்ன செராமிக் கெப்பாசிட்டருக்கு திசை கெடையாது, அது 0.1 மைக்ரோ ஃபாரட், ஒவ்வொரு ஐசி பக்கத்துலயும் ஒண்ணு இருக்கும், எவ்ளோ இருக்கேனு அலுத்துகிட்டு ஒண்ணு ரெண்டை விட்றாதீங்க, ஐசி திடீர்னு கரண்ட் இழுக்கும்போது பக்கத்துலயே குடுக்குறது அது தான். எல்இடில நீளமான கால் பிளஸ். ரெசிஸ்டர் நெட்வொர்க்னு சீப்பு மாதிரி ஒண்ணு வரும், புள்ளி வெச்ச பக்கம் முதல் கால், பல பேரு அதுக்கு திசை இருக்குனே தெரியாம போட்டுடறாங்க.

ரெசிஸ்டர்ல கலர் கோடு பாத்து படிக்கலாம், ஆனா நீல ஒடம்பு ரெசிஸ்டர்ல பழுப்பும் சிவப்பும் ஒரே மாதிரி தெரியும். ஒவ்வொண்ணையும் மீட்டர்ல அளந்து போடுங்க, நேரம் ஆகும், ஆகட்டும்.

சாக்கெட் போடணுமா, சிப்பையே நேரா பத்த வெக்கலாமா?

சாக்கெட் போடுங்க. அந்த காலத்து மெஷின்ல சாக்கெட் இல்லாம இருந்திருக்கலாம், உங்களுக்கு வேணும். எதிர் எதிர் மூலைல ரெண்டு கால மட்டும் பத்த வெச்சு, போர்டோட ஒட்டி உக்காந்திருக்கானு பாத்து, சாக்கெட்ல இருக்குற வெட்டு போர்டுல இருக்குற வெட்டோட ஒத்துப்போகுதானு இன்னொரு தடவை பாத்து, அப்புறம் மிச்சத்தை முடிங்க. 40 காலையும் முடிச்சுட்டு தலைகீழா இருக்குனு தெரிஞ்சா அதை கழட்டாதீங்க, அப்படியே விட்டுட்டு சிப்ப மட்டும் சரியான திசைல மாட்டுங்க, சாக்கெட்டுக்கு எது மேல எது கீழனு தெரியாது.

கரண்ட் குடுக்கலாமா?

இருங்க இருங்க. சிப்பு எதுவும் மாட்டாதீங்க. முதல்ல பவர் இல்லாம 5 வோல்ட் லைனுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல மீட்டர் வைங்க, நிக்காம பீப் அடிச்சா ஷார்ட், தேடுங்க. அடிக்கலைனா பவர் குடுத்து ஒவ்வொரு சாக்கெட்லயும் வோல்ட் பாருங்க. இசட்80ல 11வது கால் 5 வோல்ட், 29 கிரவுண்ட். 6502 பிராசசர்ல 8வது கால் 5 வோல்ட், 21 கிரவுண்ட். 14 கால் இருக்குற 74 சீரிஸ் லாஜிக் சிப்புல பெரும்பாலும் 14ல 5, 7ல கிரவுண்ட்.

ஆல்டேர்ல இருக்குற 8080 பிராசசருக்கு மூணு சப்ளை: 20வது கால்ல 5, 28ல 12, 11வது கால்ல மைனஸ் 5, கிரவுண்ட் 2வது கால். நான் சாகடிச்ச சிப்பு இது தான். 5 பாத்தேன், 12 பாத்தேன், மைனஸ் 5 வர்ற கனெக்டர் காலை பாக்கல, பளபளனு இருந்துச்சு ஜாயிண்ட், அப்படியே முத்து மாதிரி. மைனஸ் 5 இல்லாம 12 மட்டும் போனா 8080 தாங்காது. ஆன் பண்ணி விரல் வெச்சேன், சுரீர்னு சுட்டுச்சு, கைய எடுக்குறதுக்குள்ள முடிஞ்சு போச்சு. அதுல இருந்து சாக்கெட்ல அளந்த ஒவ்வொரு நம்பரையும் பேப்பர்ல எழுதி டிக் அடிச்ச பிறகு தான் சிப்ப எடுக்குறது.

சிப்ப மாட்டும்போது, புது ஐசியோட காலுங்க வெளிப்பக்கமா விரிஞ்சிருக்கும், மேசை மேல பக்கவாட்டுல வெச்சு லேசா அழுத்தி நேராக்கிட்டு மாட்டுங்க.

ஆன் பண்ணேன், ஒண்ணுமே வரல.

வரவேற்பு, கிட்டு இனிமே தான் ஆரம்பம்.

முதல்ல வெளில பாருங்க. சீரியல் கேபிள்ல உங்க கம்ப்யூட்டரோட கனெக்ட் பண்ற கிட்னா யூஎஸ்பி அடாப்டர்ல அனுப்புற காலு போர்டுல வாங்குற காலுக்கு போகணும், நேருக்கு நேர் மாட்டி வெச்சுட்டு ஒரு வாரம் தேடினவங்கள தெரியும். வேகம் சரியா இருக்கா பாருங்க, ஆர்சி2014ல கிரிஸ்டல் 7.3728 மெகாஹெர்ட்ஸ்னு விசித்திரமான நம்பரா இருக்குறதே அதை 64ஆல வகுத்தா 115200ங்கற சீரியல் வேகம் சரியா வரணும்னு தான்.

அடுத்தது கிளாக் வருதா, ரீசெட் லைன் சரியான நிலைக்கு வருதா. இது ரெண்டும் சரின்னா இசட்80க்கு ஒரு அருமையான டெஸ்ட் இருக்கு. ரோம், ராம் ரெண்டையும் கழட்டிட்டு எட்டு டேட்டா லைனையும் ஆளுக்கு ஒரு 1கே ரெசிஸ்டர் வழியா கிரவுண்டுக்கு இழுத்துடுங்க. பிராசசர் எங்க படிச்சாலும் சைபர் தான் வரும், இசட்80க்கு சைபர்னா சும்மா இருனு அர்த்தம், அது சும்மா இருந்துட்டு அடுத்த அட்ரஸுக்கு போகும், இப்படியே 65536 அட்ரஸையும் சுத்தி வரும். 4 மெகாஹெர்ட்ஸ்ல ஓடினா செகண்டுக்கு 15 சுத்து, அதனால கடைசி அட்ரஸ் லைன்ல ரெசிஸ்டரோட ஒரு எல்இடி வெச்சா படபடனு துடிக்கிறது கண்ணுக்கே தெரியும். துடிச்சா பிராசசர் உயிரோட இருக்கு, தப்பு ரோம் பக்கமோ ராம் பக்கமோ.

ஒரு கிட்ல எல்லாம் சரியா இருந்தும் மூணு வாரம் முட்டிகிட்டேன். ராம்ல எழுதினது பாதி நேரம் வேற மாதிரி திரும்பி வந்துச்சு. ரெண்டு சிப்ப மாத்தினேன், ஜாயிண்ட் எல்லாம் திரும்ப சூடு பண்ணேன். கடைசில சிப்ப கழட்டி தலைகீழா புடிச்சா ஒரு கால் ஓட்டைக்குள்ள போகாம உள்பக்கமா மடிஞ்சு வயித்துக்கு அடில படுத்திருக்கு, மேல இருந்து பாத்தா நூத்துக்கு நூறு மாட்டின மாதிரியே இருக்கும். இப்போ யாரு கேட்டாலும் முதல்ல நான் சொல்றது, எல்லா சிப்பையும் ஒரு தடவை கழட்டி வயித்த பாருங்கனு தான்.

தப்பா பத்த வெச்சுட்டேன், எப்படி எடுக்குறது?

காய்ஞ்ச ஜாயிண்ட்ல புது சால்டர் கொஞ்சம் சேருங்க, அப்போ தான் சுலபமா உருகும், அப்புறம் பம்ப்பு. ஐசிய காப்பாத்தணும்னு நெனைக்காதீங்க, போர்டை காப்பாத்துங்க. காலுங்களை கட்டர்ல வெட்டி ஒடம்பை தூக்கி போட்டுட்டு மிச்ச காலை ஒண்ணு ஒண்ணா சூடு பண்ணி உருவுங்க. சிப்பு இன்னொண்ணு வாங்கிக்கலாம், பிஞ்சு போன பேடை ஒட்ட வைக்கிறது நரகம்.

பழைய சிப்பு இன்னும் கெடைக்குதா? போலி வருமே?

வரும். பழைய போர்டுல இருந்து புடுங்கி, மேல சுரண்டி, புது பெயிண்ட் அடிச்சு, வேற நம்பர் போட்டு அனுப்புவாங்க. அசிட்டோன் நனைச்ச பஞ்சை வெச்சு தேய்ச்சா எழுத்தோட கருப்பும் சேந்து வந்தா சந்தேகப்படுங்க. ஆனா நம்பர் மாத்தினதாலயே அது ஓடாதுனு இல்ல, பல தடவை நல்லாவே ஓடும்.

ஸைலாக் கம்பெனி 2024ல 40 கால் இசட்80 தயாரிப்ப நிறுத்திட்டாங்க, இத்தனை வருஷத்துல ஊருப்பட்ட சிப்பு வந்ததால கிட்டுக்கு உடனே பஞ்சம் ஒண்ணும் இல்ல. 6502 புதுசா இன்னும் வருது, டபிள்யூ65சி02னு. இதுல ஒரு கண்ணி இருக்கு, நல்லா கவனிங்க. பழைய 6502ல முதல் கால் கிரவுண்ட். புதுசுல அதே கால் வெளிய சிக்னல் அனுப்புற கால். பழைய டிசைன் போர்டுல அப்படியே மாட்டினா சிப்பு அனுப்புற சிக்னலை போர்டு கிரவுண்டுக்கு இழுக்கும், சிப்பு சூடாகும். அந்த ஒரு காலை மடக்கி வெளிய விட்டுடலாம். 36வது கால் வேற இருக்கு, பழசுல காலி, புதுசுல அதை 5 வோல்ட்டுக்கு இழுத்து விடலைனா பஸ்ஸே (அட்ரஸ், டேட்டா லைனுங்க) பேசாது. உங்க கிட்டு மேனுவல்ல எந்த சிப்புக்கு டிசைன் பண்ணதுனு பாத்துட்டு வாங்குங்க.

மேனுவல்ல 74எல்எஸ் சிப்பு கேட்டுருக்கு, கைல 74ஹெச்சி இருக்கு, போடலாமா?

74ஹெச்சிடி போடுங்க, ஹெச்சி வேணாம். 74எல்எஸ் மாதிரி பழைய டிடிஎல் வகை சிப்பு "ஒண்ணு"னு சொல்றதுக்கு 2.4 வோல்ட் குடுத்தாலே போதும்னு கணக்கு, ஹெச்சிடி அதை ஏத்துக்கும், ஹெச்சி 3.5 கிட்ட எதிர்பாக்கும். சில நாள் ஓடும் சில நாள் ஓடாது, அந்த மாதிரி பேயை ஓட்டுறது ரொம்ப கஷ்டம்.

ஓடிருச்சு! இப்போ என்ன பண்றது?

ஆல்டேர் மாதிரி பேனல் இருந்தா பேசிக் மொழில எழுதின கேம் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல கையால ஒரு புரோகிராம் போடுங்க. ரெண்டு நம்பரை கூட்டுறது, 14 பைட், எட்டடிமானத்துல (0ல இருந்து 7 வரைக்கும் மட்டும் இலக்கம் வர்ற எண் முறை):

072 200 000 107 072 201 000 200 062 202 000 303 000 000

சுவிட்ச் எல்லாம் கீழ வெச்சு பேனல்ல எக்ஸாமின் (அந்த அட்ரஸுக்கு போற சுவிட்ச்) அழுத்துங்க. 072 வெச்சு டெபாசிட் (அங்க எழுதுற சுவிட்ச்), அடுத்ததுல இருந்து ஒவ்வொண்ணா வெச்சு டெபாசிட் நெக்ஸ்ட் (அடுத்த அட்ரஸ்ல எழுதும்). சுவிட்ச மூணு மூணா பாத்தீங்கன்னா எட்டடிமானம் எதுக்குனு புரியும், ஒவ்வொரு இலக்கத்துக்கும் மூணு சுவிட்ச். முடிச்சதும் அட்ரஸ் 200 வெச்சு எக்ஸாமின், 003 வெச்சு டெபாசிட், 002 வெச்சு டெபாசிட் நெக்ஸ்ட். திரும்ப அட்ரஸ் 0, எக்ஸாமின், ரன்.

புரோகிராம் கடைசில ஆரம்பத்துக்கே குதிச்சு சுத்திகிட்டே இருக்கும். அட்ரஸ் லைட்டுல கீழ நாலும் மங்கலா எரியும், எட்டாவது லைட்டு அதை விட மங்கலா எரியும், நம்பரை எடுக்கவும் விடையை வைக்கவும் 200 பக்கம் போயிட்டு வர்றது அது தான். மேல எட்டு லைட்டும் அணைஞ்சே இருக்கணும், அதுல ஏதாவது எரிஞ்சா எங்கயோ ஒரு சுவிட்ச் மாத்தி வெச்சிருக்கீங்க. ஸ்டாப் அழுத்தி, அட்ரஸ் 202 வெச்சு எக்ஸாமின் பண்ணுங்க, டேட்டா லைட்டுல வலது ஓரத்துல இருந்து முதலாவதும் மூணாவதும் எரியும். நாலும் ஒண்ணும், அஞ்சு.

ஆஃப் பண்ணா புரோகிராம் போயிடுமா?

போயிடும். திரும்ப போடுங்க, இந்த தடவை ரெண்டு நிமிஷம் தான் ஆகும்.